தெரியுமா? சித்தூர்ச் சந்தையில் மூளைக்கு இலவசப் பயிற்சி!

சித்தூர்ச் சந்தையில் தக்காளி விற்கும் பாட்டியைக் கவனித்திருக்கிறீர்களா? வந்தவரிடம் தெலுங்கில் விலை சொல்வார். அவர் பேரம் பேசும்போதே பக்கத்துக் கடைக்காரியிடம் தமிழில் அவரைப் பற்றி ஒரு குத்தல் விடுவார். சில்லறையை மனசுக்குள் தமிழில் எண்ணி, "சரிபோயிந்தா அண்ணா?" என்று தெலுங்கில் கணக்கை முடிப்பார். அரை நிமிஷ வியாபாரம். இப்படி ஆயுசு முழுக்க நடக்கும் வியாபாரத்தில் அவர் மூளைக்குக் கிடைக்கும் லாபம் எவ்வளவு தெரியுமா? நாலரை வருஷம்!

மிகைப்படுத்தவில்லை. ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடியும் அவர் குழுவினரும், மறதி நோய் என்று உறுதியான 648 பேரின் விவரங்களை அலசினார்கள். அதில் 391 பேர் ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்கள். ஒரே மொழியோடு வாழ்ந்தவர்களுக்கு நோய் தலைகாட்டிய சராசரி வயது 61. மற்றவர்களுக்கு 65-ஐத் தாண்டிவிட்டது! 2013 நவம்பரில் 'நியூராலஜி' இதழில் இது வெளியானது. படித்தவர்கள்தானே நாலு பாஷை பேசுவார்கள், அப்படியானால் காப்பாற்றியது படிப்புதானே என்று மடக்கத் தோன்றுகிறதா? அதையும் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்களைத் தனியாகப் பிரித்துக் கணக்கிட்டபோது இடைவெளி இன்னும் விரிந்தது. ஆறு வருஷம்! கைநாட்டு வைக்கிற தாத்தா பாட்டிகள் உலக ஆராய்ச்சியாளர்களின் வாயை அடைத்த கதை இது.

இதற்கு முன்பே, 2007-ல், கனடாவின் டொரான்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் ஏறக்குறைய நாலு வருஷ வித்தியாசத்தைக் காட்டியிருந்தார். ஆனால் அங்கே ஒரு சிக்கல். அவர் பார்த்த இரண்டு மொழிக்காரர்களில் பாதிப்பேருக்கு மேல் வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். கடல் தாண்டி வந்து பிழைத்தவர்களின் உடம்பே திடமானதாக இருக்கலாம், மொழிக்கு என்ன பெருமை என்று கேள்வி வந்தது. நம் ஊரில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இங்கே இரண்டு மொழி பேச எங்கேயும் குடிபெயர வேண்டாம், பிறந்த தெருவிலேயே உட்கார்ந்திருந்தால் போதும்!

அதிலும் சித்தூர், திருப்பதித் தெருக்கள் என்றால் கேட்கவே வேண்டாம். சித்தூர் மாவட்டமே 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் வெட்டி ஒட்டிச் செய்த மாவட்டம் என்று தெரியுமா? 1953-ல் ஆந்திரம் பிரிந்தபோது ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, திருப்பதி அந்தப் பக்கமே நின்றது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். கோடு எத்தனை தடவை நகர்ந்தாலும் நாக்கு நகரவில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழுக்கு வட எல்லையாகச் சொன்ன வேங்கடமலை இந்தத் திருமலைதான். திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. ஏழுமலையானே தினமும் மூன்று மொழி கேட்கிறார்! விடியற்காலையில் சமஸ்கிருத சுப்ரபாதம், ராத்திரி ஏகாந்த சேவையில் தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியார் வம்சத்தவர் பாடும் தெலுங்குத் தாலாட்டு, மார்கழி வந்தால் சுப்ரபாதத்துக்கு ஒரு மாசம் விடுமுறை கொடுத்துவிட்டு ஆண்டாளின் திருப்பாவை. அறளை பெயராத சாமி என்று சொல்லிக்கொள்ள அவருக்கு முழுத் தகுதி உண்டு.

சரி, இரண்டு மொழி தெரிவதால் மண்டைக்குள் அப்படி என்னதான் நடக்கிறது? ஆச்சரியம் இங்கேதான். நீங்கள் தமிழில் பேசும்போது உங்கள் தெலுங்கு தூங்கிவிடுவதில்லை. இரண்டும் விழித்துக்கொண்டே இருக்கின்றன. 'தண்ணி' என்று சொல்ல வாயெடுக்கும்போது 'நீள்ளு'வும் கூடவே எழுந்து நிற்கிறது. எதிரில் இருப்பது அத்தையா, பக்கத்து வீட்டு வதினம்மாவா என்று பார்த்து, ஒன்றை அடக்கி மற்றொன்றை அனுப்ப வேண்டும். இந்த அடக்குதலும் அனுப்புதலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. கவனத்தைத் திருப்புவதும், வேண்டாததை ஒதுக்குவதும், திட்டம் போடுவதும் அதே பகுதிதான். வயதானால் முதலில் தொய்வது அதுதான். ஆக, சந்தைக்குப் போய் வருகிற பாட்டி நாள் முழுக்க அதே தசையை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கிறார், அதுவும் பைசா செலவில்லாமல்!

குப்பத்துக்காரர்கள் இப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் முட்டிக்கொள்ளும் முச்சந்தி அது. 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகத்தையே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். மூன்று மொழிக்கு ஒன்பது வருஷம் கிடைக்குமா? கிடைக்காது! இரண்டுக்கு மேல் எத்தனை மொழி பேசினாலும் கூடுதல் லாபம் இல்லை என்று அதே ஹைதராபாத் ஆய்வு சொல்லிவிட்டது. குப்பத்துக்காரர்கள் கன்னடத்தைக் கைவிட வேண்டாம், பெங்களூர் பஸ்ஸுக்கு ஆகும்.

இன்னொரு அதிர்ச்சி. அதே குழு பக்கவாதம் வந்த 608 பேரைப் பார்த்தது. வாதம் வந்த பிறகும் சிந்தனை, நினைவு எல்லாம் பழையபடி இருந்தவர்கள், ஒரு மொழிக்காரர்களில் சுமார் 20 சதவீதம். இரண்டு மொழிக்காரர்களில் 40 சதவீதம். இரண்டு மடங்கு!

உடனே அறுபது வயதில் அவசரமாக 'முப்பது நாளில் தெலுங்கு' வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். இதில் விஞ்ஞானிகளுக்குள் சண்டை இருக்கிறது. ஆரோக்கியமாக இருப்பவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த சில ஆய்வுகளில் இந்தப் பாதுகாப்பு தென்படவில்லை. என் கணக்குப்படி, புத்தகத்தில் படித்த இரண்டாம் மொழிக்கும் தினமும் வாயில் புரளும் இரண்டாம் மொழிக்கும் வித்தியாசம் இருக்கத்தான் வேண்டும். சித்தூர்க்காரரின் தெலுங்கு இரண்டாவது வகை. இன்னொன்றும் கவனியுங்கள். மொழி நோயைத் தடுத்துவிடுவதாக அல்லாடியும் சொல்லவில்லை, தள்ளிப்போடுகிறது என்றுதான் சொன்னார். ராயலசீமையில் இரண்டு வருஷம் மழை பொய்த்தாலும், வண்டல் எடுத்து ஆழப்படுத்திய ஏரி இருக்கிற கிராமம் கொஞ்ச நாள் தாக்குப்பிடிக்கும் இல்லையா, அந்த மாதிரி. வறட்சி வராமல் இல்லை, வந்தது தெரிய நாளாகிறது.

அந்தத் தாக்குப்பிடிப்புக்கு அசத்தலான சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. டேவிட் ஸ்னோடன் என்பவர் 1986-ல் தொடங்கி 678 கன்னியாஸ்திரிகளின் முதுமையை ஆராய்ந்தார். இறந்த பிறகு மூளையையும் ஆய்வுக்குத் தந்துவிட அவர்கள் சம்மதித்திருந்தார்கள். சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் காலமானார். கடைசிவரை பரீட்சைகளில் நல்ல மதிப்பெண். மூளையைத் திறந்து பார்த்தால், அல்சைமர் நோயின் படிவுகள் மண்டிக் கிடந்தன! நோய் இருந்திருக்கிறது, அவருக்கு அது தெரியவே இல்லை.

கொஞ்சம் வேகமாகச் சில விஷயங்கள். உடம்பு எடையில் மூளை வெறும் 2 சதவீதம், ஆனால் சாப்பாட்டுச் சக்தியில் 20 சதவீதத்தை அதுவே முழுங்கிவிடும். உள்ளே இருப்பது சுமார் 8,600 கோடி நியூரான்கள். வயதானால் தினமும் லட்சக்கணக்கில் நியூரான் சாகும் என்று நாம் கேட்டு வளர்ந்தது பெரும்பாலும் கட்டுக்கதை. இயல்பான முதுமையில் நியூரான்கள் அவ்வளவாகக் குறைவதில்லை, அவற்றுக்கு இடையிலான இணைப்புகளும் உறைகளும்தான் தேய்கின்றன. அதனால்தான் பதில் தெரியும், வர நேரமாகிறது. கணக்குப் போடும் வேகம் இருபது வயதுக்குள்ளேயே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும். சொல்வளம் உச்சம் தொடுவது எப்போது? அறுபதுகளின் கடைசியில்! பேரன் வேகமாக ஓடட்டும், சரியான சொல்லுக்குத் தாத்தாவிடம்தான் வந்தாக வேண்டும். மதனப்பள்ளியில் 1895-ல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 90 வயதில், 1986 ஜனவரி 4 அன்று சென்னையில் தன் கடைசிப் பேச்சைப் பேசினார். கையில் குறிப்புச் சீட்டு வைத்துக்கொள்ளும் வழக்கமே அவருக்குக் கிடையாது.

நினைவு என்றதும் திருப்பதியில் ஒரு சங்கதி இருக்கிறது. வேதப் பல்கலைக்கழகமும் தர்மகிரி வேத பாடசாலையும் இருக்கிற ஊர் இது. வேதம் படிக்கும் பையன்கள் 'கன'ப் பாடம் என்று ஒன்று சொல்வார்கள். முதல் சொல், இரண்டாம் சொல், திரும்ப இரண்டு, ஒன்று, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று, கடைசியாக ஒன்று, இரண்டு, மூன்று. இப்படி ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து வேதம் முழுக்க! ஏட்டைப் பார்க்கக்கூடாது. இப்படிப்பட்ட பயிற்சி மூளையை என்ன செய்யும்? ஜேம்ஸ் ஹார்ட்ஸெல் என்ற ஆய்வாளர், ஹரியாணாவின் மானேசரில் இருக்கும் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தில், 21 வேத பண்டிதர்களையும் அதே வயதுடைய வேறு 21 பேரையும் ஸ்கேன் எடுத்தார். பண்டிதர்களின் மூளையில் பல பகுதிகளில் சாம்பல் நிறப் பொருள் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம்! நினைவைப் பதிக்கும் வலது ஹிப்போகாம்பஸும் செழிப்பாக இருந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: அந்தப் பண்டிதர்கள் இளவட்டங்கள். வேதம் படித்தால் மறதி நோய் வராது என்று யாராவது இந்த ஆய்வைக் காட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

வேதம்தான் வேண்டும் என்பதும் இல்லை. தெலுங்கில் அவதானம், தமிழில் கவனகம். ஒரே நேரத்தில் பல பேர் வீசும் கேள்விகளை மனசுக்குள் வாங்கி வைத்து, வெண்பாவும் கணக்கும் மணியோசை எண்ணிக்கையுமாகத் திருப்பிக் கொடுக்கும் கலை. 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா ஹாலில் நூறு விஷயங்களை இப்படிச் சமாளித்து 'சதாவதானி' பட்டம் வாங்கியவர் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர். இதே ஆந்திரத்தில் அவதானத்துக்குப் பேர்போன 'திருப்பதி வேங்கட கவுலு' இரட்டையருக்கும் திருப்பதி ஊருக்கும் சம்பந்தமே கிடையாது, ஒருவர் பெயர் திருப்பதி சாஸ்திரி, அவ்வளவுதான்!

எவ்வளவு பெரிய நினைவாற்றலும் வெளியில் ஒரு துணை வைத்துக்கொள்வது நல்லது என்று திருமலையே ஐந்நூறு வருஷம் முன்பு காட்டிவிட்டது. அன்னமாச்சாரியார் 1408-ல் பிறந்து 1503-ல் மறைந்தார், ஏறக்குறைய 95 வயது. 32,000 கீர்த்தனை பாடினார் என்பது மரபு. வாய்ப்பாட்டாக விட்டிருந்தால் போயே போயிருக்கும். அவர் குடும்பத்தார் செப்பேடுகளில் வெட்டி, கோயிலுக்குள்ளேயே சங்கீர்த்தன பண்டாரம் என்ற சின்ன அறையில் அடுக்கி வைத்தார்கள். பிறகு அந்த அறையே மறந்துபோனது! 1922-ல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தபோது கிடைத்த பாட்டுகள் 12,000-க்கும் மேல். மாத்திரை டப்பாவில் கிழமை எழுதி ஒட்டுவதையும், கேஸ் அடுப்புக்கு மேலே "அணைச்சியா?" என்று சீட்டு மாட்டுவதையும் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் மாமாக்கள் இதைப் படித்துவிட்டு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கலாம்.

இப்போது கால்களுக்கு வருவோம். அலிபிரியிலிருந்து திருமலைக்கு 3,550 படி என்று கணக்கு. ஸ்ரீவாரி மெட்டு வழியே போனால் 2,388. கடைசியில் வரும் செங்குத்துப் படிகளுக்கு நம்மவர்கள் வைத்திருக்கும் பெயர் 'முழங்கால் முறிச்சான்'. அந்த ஏற்றத்தில் முழங்காலுக்கு என்ன ஆகிறதோ, ஹிப்போகாம்பஸுக்கு நல்லதுதான்! 2011-ல் அமெரிக்காவில் கிர்க் எரிக்சன் குழு, 55 முதல் 80 வயது வரையிலான 120 பேரை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி வாரம் மூன்று நாள், நாற்பது நிமிஷம் வேகமாக நடந்தது. மறுபாதி கைகால்களை நீட்டி மடக்கியதோடு சரி. ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தால், நீட்டி மடக்கியவர்களின் ஹிப்போகாம்பஸ் வயதுக்கேற்ப 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. நடந்தவர்களுக்கு 2 சதவீதம் வளர்ந்திருந்தது! சுருங்குவதைத்தான் முதுமை என்று நினைத்திருந்த மருத்துவ உலகம் கண்ணைக் கசக்கிக்கொண்டது. மருந்தில்லை, மாத்திரையில்லை, நடை மட்டும்.

ஆனால் அப்பாவை நாளைக்கே அலிபிரியில் இறக்கிவிடாதீர்கள். அறுபது தாண்டியவர்களும் சுகர், பி.பி., ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களும் படியேறி வர வேண்டாம் என்று 2024-ல் தேவஸ்தானமே அறிவுரை சொன்னது. எரிக்சனின் ஆட்கள் ஏறியது மலை இல்லை, சமதளத்தில் நடந்தார்கள். அந்த நாற்பது நிமிஷத்துக்கு உங்கள் தெரு போதும். 65 வயதானவர்களுக்குத் திருமலையில் தனி தரிசனமே இருக்கிறது, பஸ்ஸில் போய்விட்டு வரலாம். வயதானவருக்கு வழியைச் சுருக்கித் தருவது இந்த மலைக்குப் புதிதும் இல்லை. ராமானுஜருக்கு ராமாயணம் சொல்லிக்கொடுத்த திருமலை நம்பி, தள்ளாத வயதில் பாபவிநாசத்திலிருந்து பெருமாளுக்குத் தண்ணீர் சுமந்து வருவாராம். ஒருநாள் பெருமாளே வேடன் வேஷத்தில் வந்து, "தாத்தா" என்று கூப்பிட்டு, குடத்தில் அம்பெய்து உடைத்துவிட்டு, பக்கத்திலேயே ஆகாசகங்கையை வரவழைத்தாராம். இனிமேல் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று! இன்றைக்கும் திருமலையில் வருஷாவருஷம் தண்ணீரமுது உற்சவம் நடக்கிறது.

காது மங்கினால் மூளை மங்கும் என்று தெரியுமா? இதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம். 'லான்செட்' மருத்துவக் குழு 2024-ல் ஒரு கணக்குச் சொன்னது: நாம் மனசு வைத்தால் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகத்து மறதி நோயில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும். அந்தப் பதினாலில் முதல் வரிசையில் நிற்பவை இரண்டு, கெட்ட கொழுப்பும் காது கேளாமையும்! சத்தம் தெளிவாக வராவிட்டால் மூளை அதைப் புரிந்துகொள்ளவே தன் சக்தியைச் செலவழிக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ள மிச்சமில்லை. அதோடு, மூன்று தடவை "என்ன?" என்று கேட்டபின் மனிதர்கள் பேச்சையே நிறுத்திவிடுகிறார்கள். திண்ணைப் பேச்சு போச்சு என்றால் தனிமை வந்து உட்காரும், அதுவும் பதினாலில் ஒன்று. அமெரிக்காவில் 977 பேரை வைத்து நடந்த சோதனை 2023-ல் முடிவு சொன்னது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் காது மெஷினால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பி.பி., சுகர் போன்ற ஆபத்துகள் ஏற்கெனவே கூடுதலாக இருந்தவர்களை மட்டும் பார்த்தால், மூன்று வருஷத்தில் அறிவுத் தேய்மானம் 48 சதவீதம் குறைந்திருந்தது! கண்ணாடி போட்டால் பெருமை, காது மெஷின் போட்டால் அவமானம் என்று நாம் வைத்திருக்கும் சட்டம் எந்த ஊர் நியாயமோ!

கண்ணும் அதே கதை. கண்புரை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு, செய்துகொள்ளாதவர்களைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு என்று மூவாயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு கண்டது. திருப்பதிக்காரர்களுக்கு இதற்கு அலைச்சலே இல்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2019-ல் அங்கேயே கிளை திறந்துவிட்டது. அந்த அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வேங்கடசாமி, அரசு வேலையில் ஓய்வு பெற்றுவிட்டு, 58 வயதில், 1976-ல், 11 படுக்கைகளோடு ஆரம்பித்தவர். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு ஆபரேஷன் செய்தவர்! 'ரிட்டயர் ஆயிட்டேன், இனிமே என்ன' என்கிறவர்களுக்கு அவர் படத்தை மாட்டிக் காட்டலாம்.

இனிப்பான ஒரு கசப்பு. சித்தூர் என்றால் மாம்பழம், திருப்பதி என்றால் லட்டு. 2009-ல் புவிசார் குறியீடு வாங்கிய, 175 கிராம் எடையுள்ள அந்த லட்டின் வாசனையே பல வருஷத்து நினைவுகளைக் கிளப்பிவிடும். மோப்ப நரம்பு நினைவுப் பகுதிக்குப் பக்கத்து வீடு! மோப்பம் குறைவது சில நேரம் அல்சைமர், பார்க்கின்சன் நோய்களுக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கும். ஆனால் லான்செட் சொன்ன அந்தப் பதினாலில் சுகரும் ஒன்று, பி.பி.யும் ஒன்று. நாற்பது வயதிலிருந்தே மேல் அழுத்தத்தை 130-க்குள் வைப்பதற்கு இருக்கிற மரியாதை வல்லாரை லேகியத்துக்குக் கிடையாது. பிரசாதம் பிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் வைத்த வழக்கம் ரொம்பச் சரி.

நோய் எவ்வளவு பேருக்கு? இந்தியாவில் 60 தாண்டியவர்களில் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர் என்று 2023-ல் வந்த தேசிய அளவிலான கணக்கு. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கிராமத்துக் காற்றுக்கு மூளை மங்காது என்ற நம்பிக்கைக்கு ஒரு குட்டு! மதனப்பள்ளிக்கு அடுத்தாற்போல், கோலார் மாவட்டத்து சீனிவாசபுரத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து மூளை ஆராய்ச்சி மையம் 45 வயது தாண்டிய 10,000 கிராமத்தவரை வருஷக்கணக்கில் பின்தொடரும் வேலையில் இறங்கியிருக்கிறது. ரத்தம், ஸ்கேன், நினைவுச் சோதனை எல்லாம். இந்த மாதிரி ஆராய்ச்சி அதற்கு முன்பே சென்னையிலும் வேலூரிலும் நடந்தது. '10/66' என்ற உலக ஆய்வுக் குழு இந்த இரண்டு இடத்திலும் களம் அமைத்தது. அந்தக் குழுவின் பெயருக்குப் பொருள் என்ன தெரியுமா? மறதி நோயாளிகளில் 66 சதவீதம் ஏழை நாடுகளில், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே இல்லை!

ஆந்திரம் வேகமாக நரைக்கிறது. குப்பம் தொகுதிக்காரர், பிறந்தது சந்திரகிரிப் பக்கத்து நாராவாரிப்பள்ளி, 74 வயதில் மறுபடி முதல்வரான சந்திரபாபு நாயுடு, 2024-ல் குழந்தைகள் அதிகம் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு குழந்தைக்கு மேல் இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது என்ற சட்டத்தையும் அந்த ஆண்டே எடுத்துவிட்டார்கள். குழந்தை பிறந்து வளர்வதற்குள் தாத்தாவைப் பார்த்துக்கொள்வது யார் என்பதற்கு அதில் பதில் இல்லை.

சாப்பிட்டதை மறந்துவிட்டு "இன்னும் எனக்குச் சோறு போடலை" என்று மாமியார் சொன்னால், நோய்தான் என்று முடிவுகட்டாதீர்கள். மறதி நோய் வேஷம் போட்டு வரும் வேறு ஆட்கள் உண்டு. பி12 குறைவு, தைராய்டு மந்தம், மனச்சோர்வு, தூக்க மாத்திரை, ரத்தத்தில் உப்புச்சத்து இறங்குவது, குளியலறையில் விழுந்து சில வாரம் கழித்துத் தலைக்குள் மெல்லத் தேங்கும் ரத்தம். இதெல்லாம் சரிசெய்யக் கூடியவை! நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பிப் பேசினால், சிறுநீர்த் தொற்றாகக்கூட இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று மறப்பது வயது. நாற்பது வருஷம் வைத்த ரசத்தில் எதற்குப் பிறகு எது என்றே தடுமாறுவது வேறு, அதைப் பரிசோதிக்க வேண்டும்.

பரிசோதனையிலும் ஒரு வேடிக்கை. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் இந்தியர்களுக்கென்று அமைத்த நினைவுச் சோதனைத் தொகுப்பு முதலில் வந்தது ஐந்து மொழிகளில்: இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம். தமிழ் அந்த ஐந்தில் இல்லை! சித்தூர்த் தாத்தாவுக்குத் தெலுங்கில் சோதனை வைக்கலாம். ஆனால் நோய் முற்றும்போது பிற்பாடு கற்ற மொழி முதலில் நழுவி, சிறுவயது மொழி மிஞ்சுவது சிலருக்கு உண்டு. திருப்பதியில் ஐம்பது வருஷம் தெலுங்கு பேசியவர் திடீரென்று தமிழுக்குத் திரும்பினால் அது பிடிவாதம் என்று மருமகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் எந்த மொழி தாய்மொழி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பாட்டு மட்டும் கடைசிவரை நிற்கும்! ஜெர்மனியின் லைப்சிக்கில் 2015-ல் கண்டார்கள், நெடுநாள் கேட்ட பாட்டைத் தாங்கும் மூளைப் பகுதிகளை அல்சைமர் நோய் மெதுவாகத்தான் தொடுகிறது. எம்.எஸ். பாடிய சுப்ரபாத இசைத்தட்டு 1963-ல் வந்தது. மகன் பெயர் வராதவருக்கும் அதன் அடுத்த அடி வரக்கூடும். குளிக்க அடம்பிடிக்கும் நேரத்தில் வாதாடுவதை விட்டுவிட்டு அதைப் போட்டுப் பாருங்கள். சுப்ரபாதம் திருமலையில் விடியற்காலை மூன்று மணிக்கு என்பதற்காக நீங்களும் மூன்றுக்கு எழுந்துவிடாதீர்கள். மூளை தன் கழிவுகளைக் கழுவிக்கொள்வது தூக்கத்தில்தான் என்று எலிகளை வைத்துக் கண்ட ஆய்வு ஒன்று உண்டு. அதைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை என்றாலும் தூக்கம் கெட்டால் ஞாபகம் கெடும் என்பதில் வாதமே இல்லை.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இரண்டு எண்கள்: முதியோர் உதவிக்கு 14567, மனசு தளர்ந்தால் பேச 14416. இரண்டும் இலவசம்.

மறதி உள்ளவரைத் திருமலைக்கு அழைத்துப் போவதானால் ஒரு முன்யோசனை வேண்டும். தினம் அறுபது எழுபதாயிரம் பேர் புழங்கும் இடம் அது. கையில் ஒரு பட்டையில் உங்கள் செல் நம்பரை எழுதிக் கட்டுங்கள், சட்டைப் பையில் இன்னொரு சீட்டு. அன்று காலை உடுத்திய துணியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, கல்யாணகட்டாவில் மொட்டை போட்டு முடித்த கையோடு இன்னொரு படம் எடுங்கள். முடியோடு இருக்கும் படத்தைக் காட்டி, ஆயிரம் சந்தனத் தலைகளுக்கு நடுவே தேடினால் போலீஸ்காரர் என்ன செய்வார்? நீங்களும் மொட்டை போட்டிருந்தால் உங்களை நீங்கள் அழைத்துப் போன பெரியவருக்கே அடையாளம் தெரியாது, அதனால் கூடப் போகிறவர்களில் ஒருவராவது முடியோடு இருங்கள்!